பழைய ஜீப்பில் எக்ஸ்ட்ரா லைட் மங்குவது ஏன், ஒயரிங்கை எப்படிச் செய்வது

அந்தியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. அப்பா காலத்து எம்எம் 540 டீசல் ஜீப். பர்கூர் மலைப்பாதையில் மாசம் நாலு தடவையாவது ஏறி இறங்குகிறார். முன் பம்பரில் இரண்டு வட்ட லைட் வைத்து, உள்ளே 100 வாட் ஹாலஜன் பல்பு போட்டு, டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வழியாக நேராக இழுத்திருக்கிறார். வெளிச்சம் மஞ்சளாக மங்கித்தான் வருகிறது. பத்து நிமிஷத்தில் சுவிட்சைத் தொட முடியாத சூடு, பிளாஸ்டிக் கருகும் வாசம், ஆம்பியர் மீட்டர் முள் நிலையில்லாமல் ஆடுகிறது. பேட்டரியைப் பெரிதாக மாற்று என்கிறார் ஒருவர், 130 வாட் பல்பு போடு என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது என்கிறார்.

ரெண்டும் வேண்டாங்க தம்பி. முதல் வேலையாக அந்தச் சுவிட்சுக்கு வரும் ஒயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வையுங்க. கருகும் வாசம் வந்த பிறகு ஒரு ராத்திரி கூட அதில் ஓட்டக்கூடாது. மற்றதை நிதானமாகச் செய்யலாம்.

உங்க தோட்டத்துக் கிணத்து மோட்டாரை நினைத்துப் பாருங்க. மோட்டாருக்குப் போகும் மொத்தக் கரண்டையும் ஒரு வீட்டுச் சுவிட்ச் வழியாக யாராவது விடுவார்களா? ஸ்டார்ட்டர் பெட்டியில் பச்சை பட்டனை அமுக்கினால், அந்த பட்டனில் போவது உள்ளே இருக்கும் காயிலுக்கான கொஞ்சூண்டு கரண்ட்தான். அந்தக் காயில் காந்தமாகி, தடித்த காண்டாக்டை இழுத்துச் சேர்க்கிறது. மோட்டாரின் கரண்ட் அந்தக் காண்டாக்ட் வழியாகப் போகிறது, பட்டன் பக்கமே வருவதில்லை. வண்டியில் ரிலே என்பது இதே ஸ்டார்ட்டர்தான், தீப்பெட்டி அளவில். அடுத்தது, கம்பத்திலிருந்து கிணறு வரைக்கும் மெல்லிய ஒயர் இழுத்தால் மோட்டார் முனகும் என்று நம்மூரில் சின்னப் பையனுக்கும் தெரியும். வோல்டேஜ் வழியிலேயே கரைந்துவிடுகிறது. 230 வோல்ட்டில் 5 வோல்ட் குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. 12 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட் குறைந்தால் பாதி விவகாரம் முடிந்தது. வண்டி ஒயரிங்கில் எல்லாச் சிக்கலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

உங்க வண்டிக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். இரண்டு 100 வாட் பல்பு, ஆக 200 வாட். 12 வோல்ட்டுக்கு வகுத்தால் 16.7 ஆம்பியர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மீட்டருக்குச் சுமார் 0.019 ஓம் தடை. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு போய், திரும்ப முன்னால் லைட்டுக்கு வர நாலு மீட்டர் என்று வைத்தால் 0.076 ஓம். அதில் 16.7 ஆம்பியர் ஓடினால் ஒயரிலேயே 1.3 வோல்ட் போச்சு. சுவிட்ச் காண்டாக்ட், லூசான லக் (ஒயர் முனையில் அழுத்தும் உலோகக் காது), துருப்பிடித்த எர்த் (கரண்ட் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) எல்லாம் சேர்ந்து இன்னொரு 0.7 வோல்ட் தின்னும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 13.5 வோல்ட் இருந்தாலும் பல்புக்கு வந்து சேர்வது 11.5 தான்.

வோல்டேஜ் 15 சதவீதம் குறைந்தால் வெளிச்சமும் 15 சதவீதம்தானே குறையும் என்று நினைக்கத் தோன்றும். ஹாலஜன் அப்படி இல்லை. இழையின் சூடு குறையக் குறைய வெளிச்சம் மிக வேகமாக விழும். வோல்டேஜின் ஏறக்குறைய 3.4 ஆம் அடுக்கில் அது மாறும். 13.5 இல் எரிய வேண்டியது 11.5 இல் எரிந்தால் கிட்டத்தட்ட 40 சதவீத வெளிச்சம் காணாமல் போய்விடும், நிறமும் மஞ்சளாகும். நீங்க பார்க்கிற மஞ்சள் அதுதான். இதே ஒயரில் 130 வாட் பல்பு போட்டால் கரண்ட் ஏறும், வழியில் கரையும் வோல்ட்டும் கூடவே ஏறும், சுவிட்ச் இன்னும் சீக்கிரம் கருகும். பெரிய பேட்டரி வைத்தாலும் இந்த வழிச்சேதாரம் அப்படியேதான் இருக்கும்.

சுவிட்ச் சூட்டுக்கும் கணக்கு உண்டு. பழைய சுவிட்ச் காண்டாக்டில் 0.05 ஓம் தடை இருந்தால் போதும். 16.7 ஆம்பியர் ஓடும்போது அந்தச் சின்னப் புள்ளியில் 14 வாட் சூடு உண்டாகிறது. 25 வாட் சால்டரிங் அயர்னில் பாதிக்கு மேல். அதை டேஷ்போர்டுக்குப் பின்னால், பழைய ஒயர்க் கட்டுக்கு நடுவில் வைத்துக்கொண்டு மலை ஏறுகிறீர்கள்.

பல்பைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். 100 வாட்டைக் கழற்றிவிட்டு 55 வாட் எச்3 வகைப் பல்பு போடுங்க. ஜோடிக்கு 9.2 ஆம்பியர்தான் எடுக்கும். நல்ல ஒயரிங்கில் முழு வோல்டேஜ் பெறும் 55 வாட்டும், பட்டினி கிடக்கும் 100 வாட்டும் பக்கத்தில் பக்கத்தில் எரிந்தால் பெரிய வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கரண்ட் மட்டும் பாதியாகிவிடும். 55 வாட்டுக்குச் செய்த லைட்டில் 100 வாட் போட்டால் ரிஃப்ளெக்டர் பூச்சு பொரிந்து உரியும், ஹோல்டர் பிளாஸ்டிக் இளகும்.

லைட்டைத் தொடுவதற்கு முன்னால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரில் ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்க. ஹெட்லைட் ஹை பீம் 120 வாட், பார்க்கிங், டெயில், மீட்டர் விளக்கு சேர்த்து 30, எக்ஸ்ட்ரா லைட் 110. மொத்தம் 260 வாட், அதாவது 20 ஆம்பியர் பக்கம். மழையில் வைப்பர் ஓடினால் இன்னும் நாலைந்து. தகட்டில் 35 ஆம்பியர் போட்டிருந்தாலும் அது எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது கிடைக்கும் அளவு. மலை ஏற்றத்தில் முதல் கியரில் மெதுவாக உருட்டும்போது அதில் ஒரு பங்குதான் வரும், மீதியைப் பேட்டரி கொடுக்கும். இன்னும் பழைய வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருக்கும். எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலில் அது சார்ஜே செய்யாது. அந்த வண்டிக்கு 110 வாட் கூடுதல் சுமை வேண்டாம். இராணுவ டிஸ்போசலில் எடுத்த வண்டியாக இருந்தால் 24 வோல்ட் சிஸ்டமா என்று முதலில் பார்த்துவிட வேண்டும். பல்பு, ரிலே காயில் எல்லாமே அதற்கேற்ப மாறும்.

இப்போது ஒயரிங். சாமான் அதிகமில்லை: 12 வோல்ட் 30 ஆம்பியர் ரிலே ஒன்று சாக்கெட்டோடு, பிளேடு ஃபியூஸ் ஹோல்டர், 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் பல இழை செம்பு ஒயர், லக், சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ஒயருக்கு மேல் போட நெளிவுக் குழாய். ரிலேயின் அடியில் எண் அச்சடித்திருக்கும். 30, 87 இரண்டும் தடித்த கரண்ட் போகும் வழி. 85, 86 இரண்டும் காயில். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒயர் கிளம்பி, ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. 87 இலிருந்து முன்னால் போய் இரண்டு லைட்டுக்கும் பிரியும்; பிரிந்த பிறகு 1.5 ஒயர் போதும். 85 எர்த்துக்கு. 86 க்கு டேஷ்போர்டு சுவிட்சிலிருந்து மெல்லிய ஒயர். காயில் எடுப்பது சுமார் 0.15 ஆம்பியர் என்பதால் அந்தச் சுவிட்ச் இனி ஆயுளுக்கும் சுடாது. ஐந்து கால் ரிலேயில் நடுவில் 87ஏ என்று ஒரு கால் இருக்கும். ரிலே இழுக்காத நேரத்தில் அதில்தான் கரண்ட் இருக்கும். அவசரத்தில் அதில் மாட்டி, சுவிட்சை அணைத்தால் லைட் எரிகிறது என்று குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டேஷ்போர்டு சுவிட்சுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. ஹை பீம் ஒயரிலிருந்து எடுங்க. அப்படி எடுத்தால் சுவிட்ச் போட்டிருந்தாலும் ஹை பீம் எரியும்போது மட்டும்தான் எக்ஸ்ட்ரா லைட் எரியும். எதிரே வண்டி வந்து டிப் செய்த அந்த நொடியே, காலில் மிதிக்கும் டிப்பர் சுவிட்சாக இருந்தாலும் கையில் இருப்பதாக இருந்தாலும், இதுவும் சேர்ந்து அணையும். வளைவில் ஸ்டீரிங்கைப் பிடிக்கிற கை வேறொரு சுவிட்சைத் தேட வேண்டியதில்லை. முப்பது வருஷ வண்டியில் ஒயரின் நிறத்தை நம்பாதீங்க. எத்தனை பேர் கை வைத்த ஒயரோ. டெஸ்ட் லேம்பை வைத்து, டிப்பரை மாற்றி மாற்றி எது ஹை பீம் என்று கண்டுபிடியுங்க.

ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் என்று சொன்னதைத் தாண்டிப் போய்விடாதீங்க. ஃபியூஸ் காப்பது ஒயரை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் இருக்கும் ஒயருக்குக் காவலே கிடையாது, அதனால்தான் அந்த நீளம் ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். நான் வாங்கிய முதல் ஜீப்பில் முன்பு வைத்திருந்தவர் போட்ட லைட் ஒயர் ஃபியூஸ் இல்லாமல் ரேடியேட்டர் பக்கத் தகட்டு விளிம்பில் உரசிக்கொண்டே கிடந்தது. எனக்குத் தெரியாது. வால்பாறையிலிருந்து இறங்கி வரும்போது, ஆழியாறு அணை தெரிகிற வளைவுகளில், பானட்டுக்குள்ளிருந்து புகை. லைட்டை அணைத்தும் நிற்கவில்லை, ஏனென்றால் ஒயர் பேட்டரியிலிருந்து நேராகப் பாடியைத் தொட்டுவிட்டது. இருட்டில் ஸ்பேனரைத் தேடி நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றும் வரை அந்த ஒயர் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. வண்டியில் குழந்தைகள் இருந்தார்கள். அன்றையிலிருந்து யாருடைய வண்டியில் லைட் ஒயரைப் பார்த்தாலும் முதலில் ஃபியூஸைத்தான் தேடுகிறேன்.

ஒயரைப் பற்றி. வீட்டு ஒயரிங்குக்கு விற்கும் தடித்த இழை ஒயர் வண்டி அதிர்வில் லக் முனையிலேயே முறியும். மெல்லிய இழைகள் நிறைந்த ஆட்டோ கேபிள் வாங்குங்க. நம்ம பக்கம் தோட்டத்தில் மிச்சம் கிடக்கும் சப்மெர்சிபிள் பிளாட் கேபிளைப் போடுபவர்கள் நிறைய. செம்பு கேபிளாக இருந்தால் தப்பில்லை, மேலுறை நல்ல கெட்டி. ஆனால் அந்த பிவிசி 70 டிகிரிக்கு மேல் தாங்காது. சைலன்சர் மேனிஃபோல்ட் பக்கம் கொண்டுபோகவே கூடாது, மட்கார்டு ஓரமாக எடுத்துப் போங்க. வெளியில் செம்பு முலாம், உள்ளே அலுமினியம் என்று மலிவாக விற்கும் ஒயரும் இருக்கிறது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்க, வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்க.

முறுக்கி டேப் சுற்றும் இணைப்பு எங்கேயும் வேண்டாம். கிரிம்பிங் பிளையரால் லக் அழுத்தி, மேலே ஸ்லீவ் சுருக்கி விடுங்க. ரிலேயைக் கால்கள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டினால் தண்ணீர் உள்ளே நிற்காது. தகட்டுக்குள் ஒயர் நுழையும் ஓட்டையில் ஒயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம், அதாவது குரோமெட், போடுங்க. நெளிவுக் குழாயை அழகுக்காகச் சொல்லவில்லை. தோட்டத்துச் சாளையில் நிறுத்தும் வண்டிக்கு எலித் தொல்லை எப்படி என்று உங்களுக்கே தெரியும். நிலக்கடலை மூட்டை இருக்கிற இடத்தில் எஞ்சின் சூட்டுக்கு எலி வந்து படுக்கும், ராத்திரியோடு ராத்திரியாக ஒயரைக் கடித்து வைக்கும்.

எர்த்தைத்தான் எல்லாரும் கடைசிக்கு விடுகிறார்கள். பழைய ஜீப்பில் பம்பருக்கும் சேஸிஸுக்கும் நடுவில் நாலு கோட்டிங் பெயிண்ட், அதற்கடியில் துரு. லைட்டின் போல்ட் பம்பரைத் தொடுகிறது, எர்த் கிடைத்துவிடும் என்று நம்பினால் பாசிட்டிவ் பக்கம் செய்த வேலையெல்லாம் வீண். இரண்டு லைட்டிலிருந்தும் தனி எர்த் ஒயர், பாசிட்டிவ் எந்தத் தடிமனோ அதே தடிமனில், பேட்டரி நெகட்டிவ் சேஸிஸில் சேரும் இடத்துக்கே கொண்டு வந்து சேருங்க. அந்த இடத்தை எமரித் தாளால் பளபளப்பாகத் தேய்த்து, நட்சத்திர வாஷர் போட்டு முடுக்கி, மேலே வாசலின் தடவுங்க. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் போகும் எர்த் பட்டையையும் அப்போதே பாருங்க. பாதி இழை அறுந்து கிடக்கும் வண்டிகள் நிறைய.

ஆம்பியர் மீட்டர் முள் ஆடுவது லூசான டெர்மினலால் இருக்கலாம். அதன் பின்னால் இருக்கும் இரண்டு நட்டையும் பேட்டரியைக் கழற்றிவிட்டு முடுக்குங்க. புது ஒயரிங்குக்குப் பிறகு இன்னொன்று பார்ப்பீர்கள். இந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்குப் போகும் கரண்ட் அந்த மீட்டர் வழியாகப் போகும். நீங்க லைட்டுக்குப் பேட்டரி முனையிலிருந்து நேராக எடுத்தால், லைட் எரியும்போது முள் சார்ஜ் பக்கம் ஏறி நிற்கும். பேட்டரி நன்றாக ஏறுகிறது என்று அர்த்தமில்லை. லைட்டுக்குப் போகும் கரண்டும் மீட்டரைத் தாண்டித்தான் வருகிறது. இது தெரியாமல், சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றிச் செலவு செய்தவர்கள் உண்டு.

இவ்வளவும் சொன்னாலும், இந்த வண்டிகளில் நான் முதலில் ரிலே போடச் சொல்வது ஹெட்லைட்டுக்குத்தான். அதன் கரண்டும் பழைய சுவிட்ச், டிப்பர், நைந்த ஒயர் வழியாகத்தான் போகிறது, அதே நோய்தான் அதற்கும். ஹை பீமுக்கு ஒரு ரிலே, லோ பீமுக்கு ஒரு ரிலே, தனித்தனி ஃபியூஸ், நல்ல எர்த். பழைய கண்ணாடி மங்கியிருந்தால் ஹை பீம் 60, லோ பீம் 55 வாட் உள்ள எச்4 பல்பு செட். ஒரு நாள் வேலை. இதைச் செய்த பிறகு எக்ஸ்ட்ரா லைட்டே வேண்டாம் என்று விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

எல்இடி போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கரண்ட் குறைவு, அது நிஜம். எல்இடிக்குள்ளே இருக்கும் டிரைவர் சர்க்யூட், வோல்டேஜ் குறைந்தாலும் சமாளித்துக்கொள்ளும், மங்காது. ஆனால் பழைய ரெகுலேட்டர் வண்டியில் பேட்டரி டெர்மினல் லூசானால் வோல்டேஜ் திடீரென்று எகிறும். பல்பு தாங்கும், மலிவான எல்இடி தாங்காது. நீலம் கலந்த வெள்ளை மஞ்சில் பட்டால் முன்னால் வெள்ளை வேட்டி கட்டிய மாதிரி ஆகிவிடும். நம் மலைகளுக்கு மஞ்சள் சாயலுள்ள ஹாலஜனே எனக்குப் பிடிக்கிறது. மஞ்சு இறங்கினால் எந்த எக்ஸ்ட்ரா லைட்டையும் அணைத்துவிட்டு லோ பீமில் போவதுதான் வழி.

லைட் வாங்கும்போது கூர்மையாகத் தூரம் பாயும் வகையை விட, அகலமாக விரியும் வகையை எடுங்க. ஆழியாறு வால்பாறை பாதையில் 40 கொண்டை ஊசி, திம்பத்தில் 27, கொல்லிமலையில் 70. அரை கிலோமீட்டர் பாயும் ஒளி அங்கே மரத்துக்கு மேலே போய் விழும், திரும்பப் போகும் ஓரம் இருட்டாகவே இருக்கும். பம்பரில், ஹெட்லைட்டுக்குக் கீழே, ரேடியேட்டர் கிரில்லை மறைக்காமல் மாட்டுங்க. ஏற்றத்தில் காற்று தடைப்பட்டால் எஞ்சின் சூடாகும். கூரை மேல் வேண்டாம். பானட்டில் பட்ட ஒளி கண்ணில் அடிக்கும், புழுதியில் ஒன்றும் தெரியாது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 111 ஆம் விதி, முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதை முன் அனுமதி இல்லாமல் தடுக்கிறது. 106 ஆம் விதி, முன் விளக்கின் ஒளி 8 மீட்டரில் நிற்பவரின் கண்ணைக் கூசாதபடி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. அதனால் தார் ரோட்டில் மூடி போட்டு அணைத்து வையுங்க, தோட்டத்து வழி, மண் தடத்தில் மட்டும் எரியுங்க. காட்டுச் சாலை இன்னொரு விஷயம். 2013 இல் புலிகள் காப்பகமான சத்தியமங்கலம் காட்டில், பண்ணாரி திம்பம் வழியில், ராத்திரிப் போக்குவரத்துக்கே தடை இருக்கிறது. உங்க பர்கூர் பாதையிலும் யானை கடக்கும். யானையைப் பார்த்தால் இந்த லைட்டை அதன் முகத்தில் அடிக்கவே அடிக்காதீங்க. டிப் செய்து, தூரத்திலேயே நின்று, ஹாரன் தொடாமல் வழி விடுங்க. டிப் செய்தாலே எக்ஸ்ட்ரா லைட் அணையும்படி இணைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலை முடிந்ததும் மல்டிமீட்டரோடு சாயந்திரம் உட்காருங்க. எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, எல்லா லைட்டையும் போட்டு, பேட்டரி முனைகளில் அளந்தால் 13.5 க்குக் குறையாமல் வர வேண்டும். அடுத்து மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை லைட்டின் பாசிட்டிவ் காலில். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. பிறகு லைட்டின் எர்த் காலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 0.2 வோல்ட்டுக்குள். கூடுதலாகக் காட்டினால் மீட்டர் முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே வாங்க, எந்த லக்கைத் தாண்டும்போது எண் தாவுகிறதோ அந்த லக்கைத்தான் மறுபடி போட வேண்டும். அரை மணி நேரம் எரியவிட்டு ரிலே, ஃபியூஸ் ஹோல்டர், ஒவ்வொரு லக் மேலும் விரலை வைத்துப் பாருங்க. வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக்கூடாது. சுட்டால் அந்த ரீடிங்குகளை எழுதி அனுப்புங்க தம்பி, எந்த இடம் என்று பார்த்துச் சொல்கிறேன்.